உன்னிடம் கொடுத்தால் என்னிடம் கொடுத்த மாதிரி

பெல்விக், கேன்சஸ்
6 மார்ச் 1988

அன்புத் தங்கை ஆர்லிஸுக்கு,

அண்ணன் டுவேன் எழுதுவது. நான் நலம். முதுகு மட்டும் காலையில் அரை மணி நேரம் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் காதுவலி எப்படி இருக்கிறது? அம்மா நமக்கு விட்டுப்போன வீட்டைச் சூடாக்கும் அந்தக் கொதிகலன் இந்தக் குளிரையும் தாங்கிவிட்டதா?

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். உங்கள் நெப்ராஸ்காவில், மேற்கே, ஒரு கூட்டுறவுக் கிடங்கில் இருபத்திரண்டு இரும்புக் களஞ்சியங்கள் இருக்கின்றன. அறுவடைக்கு முன் எல்லாவற்றிலிருந்தும் பழைய மக்காச்சோளத்தை இறக்கி, உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து, துரு பிடித்த இடங்களை அடைத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு இவ்வளவு பெரிய வேலை கிடைப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் என் நிறுவனம் கேன்சஸில் பதிவானது. நெப்ராஸ்காவில் தொழில் செய்ய வேண்டுமென்றால் அங்கேயும் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம், அதன் பிறகுதான் ஒப்பந்தம். இங்கிருந்து நற்சான்று வாங்கிவிட்டேன். படிவமும் நிரப்பியாகிவிட்டது. ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.

அந்தக் கட்டத்தில் பதிவு முகவர் என்று ஒருவர் பெயரை எழுத வேண்டும். அவர் நெப்ராஸ்காவில் குடியிருக்க வேண்டும். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் வேண்டும், அஞ்சல் பெட்டி செல்லாது. பகலில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அரசாங்கமோ நீதிமன்றமோ நிறுவனத்துக்கு ஒரு காகிதம் கொடுக்க வேண்டியிருந்தால் அந்த வீட்டில் வந்து கொடுப்பார்கள். உன்னிடம் கொடுத்தால் என்னிடம் கொடுத்த மாதிரி. நீ அதை உறையில் போட்டு எனக்கு அனுப்பிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு காகிதம் வந்தால் அதிகம்.

வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை என்று உன்னை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! இப்போது அதுவே தகுதியாகிவிட்டது. பதினெட்டு முடிந்துவிட்டதால் கையெழுத்தும் போடலாம். நிறுவனத்துக்கு 'ரீக்கர் சகோதரர்கள்' என்று பெயர் வைத்திருக்கிறேன். நீ ஒருவன்தானே என்று கேட்காதே. சகோதரர்கள் என்றால்தான் ஆட்கள் நம்புகிறார்கள். இன்னொரு சகோதரன் நீதான்.

இங்கே எல்லோரும் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
டுவேன்


ஆல்டன், நெப்ராஸ்கா
13 மார்ச் 1988

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். காதுவலி போய்விட்டது. கொதிகலன் இரண்டு நாள் நின்றது, பிறகு தானாகவே ஓடியது. உன் முதுகுக்குச் சுடுநீர்ப் பையைப் படுக்கும்போது வைக்காமல் எழுந்தவுடன் வைத்துப் பார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மூன்று தடவை வேறு தாளில் எழுதிப் பழகிவிட்டுத்தான் போட்டேன். அதில் உன் நிறுவனத்தை அந்நிய நிறுவனம் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆல்டனிலிருந்து தெற்கே இருபது மைலில் கேன்சஸ் வந்துவிடுகிறது. அதற்குள் நீ அந்நியனா என்று நினைத்துச் சிரித்தேன்.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. யாராவது வந்து கதவைத் தட்டினால் நான் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். தைக்கக் கொடுப்பவர்கள் துணிப்பையை வாசலில் வைத்து, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டைக் குத்திவிட்டுப் போகிறார்கள். நான் தைத்து அதே இடத்தில் வைக்கிறேன். இரண்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. காகிதம் கொண்டுவருபவரும் அப்படி வைத்துவிட்டுப் போவாரா?

ஆனாலும் செய்கிறேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது எனக்குக் குரல் வராமல் எல்லோரும் சிரித்த அந்த வாரம், நீ கேன்சஸிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாய். ஒன்றும் கேட்காமல் தலைமை ஆசிரியர் அறையில் என் பள்ளி விலகல் தாளில் கையெழுத்துப் போட்டாய். அதை நான் மறக்கவில்லை.

உன் ஆட்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
ஆர்லிஸ்


ஆல்டன்
29 மே 1988

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் முதுகு இப்போது பரவாயில்லையா? இரும்பு ஏணியில் ஏறும் வேலைக்கு நீயும் போகிறாயா, ஆட்களை மட்டும் ஏற்றுகிறாயா?

மாநில அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வந்தது. உனக்கு ஒரு நகல் அனுப்புகிறேன். மூலத்தைத் தையல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் குத்தியிருக்கிறேன். தைக்கும்போது நிமிர்ந்தால் என் பெயர் தெரிகிறது.

புதன்கிழமை உன் ஆள் லைல் ஹோவர்ட் சாமான் வாங்க இந்தப் பக்கம் வந்தவர் இங்கே நின்றார். கதவைத் தட்டவில்லை. சன்னலில் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கதவத் தொறக்க வேண்டாம்மா. கோட்ட இந்த ஆணியில மாட்டிட்டுப் போறேன். ஜிப்புக்குப் பல்லு போயிடுச்சு, என்ன மாதிரியே. பாதி நெஞ்சுக்கு மேல ஏற மாட்டேங்குது. குளிர் வர்றதுக்குள்ள கெடைச்சாப் போதும். கம்பெனியே இப்ப ஒங்க வீட்டுலதான் குடியிருக்குதாமே? அப்ப நீங்கதான் எங்க முதலாளியம்மா. டுவேன் ரொம்ப வெரட்டுறான், கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கேட்டிருக்கும். தன் மனைவி ரோவீனா கோழி வளர்ப்பதையும், ஒரு சேவல் தன்னை மட்டும் தேடி வந்து கொத்துவதையும் சொன்னார். கால் மணி நேரம் பேசினார். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போகும்போது "நல்லாப் பேசுனீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோட்டுக்குப் பித்தளை ஜிப் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்.

உன் தங்கை,
ஆர்லிஸ்


பெல்விக்
14 ஜூலை 1988

ஆர்லிஸுக்கு,

நலம். இங்கே எல்லோரும் நலம். நீ நலம்தானே?

நெப்ராஸ்கா வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டோம். கிடங்குக்காரர்களோடு ஒத்துவரவில்லை. லைல் இப்போது என்னிடம் வேலை செய்யவில்லை. கோட்டை அங்கேயே வைத்திரு.

முன்பின் தெரியாதவர்கள் வந்தால் நீ எப்போதும் போல் கதவைத் திறக்காமல் இரு. அதுதான் நல்லது. அதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

டுவேன்


ஆல்டன்
7 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் கடிதம் சின்னதாக இருந்ததால் முதுகுவலி அதிகமோ என்று நினைத்தேன். மருத்துவரைப் பார்த்தாயா?

லைல் ஏன் விலகினார்? உங்களுக்குள் சண்டையா? அவர் விளையாட்டாகப் பேசியதை நான் உனக்கு எழுதியது காரணமாகிவிட்டதோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியென்றால் நானே அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். முகவரி மட்டும் அனுப்பு.

கோட்டுக்குப் பித்தளை ஜிப் வைத்தாகிவிட்டது. கழுத்து வரை ஏறுகிறது. தோள் தையல் விட்டிருந்தது, அதையும் சேர்த்துப் போட்டேன். கதவுக்கு உள்பக்கம் ஆணியில் தொங்குகிறது. இருட்டின பிறகு பார்த்தால் யாரோ நிற்பது போல் இருக்கிறது. பழகிவிட்டேன்.

காகிதம் வந்தால் உனக்கு அனுப்ப வேண்டும் என்று முதலில் எழுதினாய். இப்போது கதவைத் திறக்க வேண்டாம் என்கிறாய். எதைச் செய்வது?

பதில் எழுது.

உன் தங்கை,
ஆர்லிஸ்


ஆல்டன்
21 செப்டம்பர் 1988

அண்ணனுக்கு,

என் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் இல்லை. நீ நலமா?

நேற்று ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். முதல் தடவை தட்டியபோது தையல் மேசைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். அவர் போகவில்லை. இரண்டாம் தடவை தட்டிவிட்டு, "அம்மா, துணி தைக்க வரல. காயிதம் கொண்டாந்திருக்கேன்" என்றார். அது என் வேலையல்லவா? திறந்தேன்.

என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "ரீக்கர் சகோதரர்கள் கம்பெனிக்கு முகவர் நீயாம்மா? சகோதரர்கள்னு போட்டிருக்கு." தலையாட்டினேன். "இங்க ஆம்பள யாரும் இல்லையா?" மறுபடி தலையாட்டினேன். அவருக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் காகிதத்தைக் கையில் கொடுத்தார்.

உனக்கு அனுப்பும் முன் படித்தேன். படிக்கக்கூடாது என்று நீ சொல்லவில்லை.

அதில் லைல் ஹோவர்ட், காலமானவர் என்று இருக்கிறது. வழக்குப் போட்டிருப்பவர் ரோவீனா ஹோவர்ட். ஜூலை 11, திங்கட்கிழமை, பதினான்காம் எண் களஞ்சியத்துக்குள் சோளம் மேலே ஓடு போல இறுகியிருந்ததாம். அதை உடைக்க அவரை உள்ளே இறக்கினார்களாம். கீழே சோளத்தை வெளியே இழுக்கும் திருகு ஓடிக்கொண்டிருந்ததாம். அவர் இடுப்பில் கயிறு இல்லையாம். ஓடு உடைந்து சோளத்துக்குள் போய்விட்டார். பக்கவாட்டுத் தகரத்தை வெட்டி அவரை வெளியே எடுக்க நாலு மணி நேரம் ஆனதாம்.

நீ அனுப்பிய ஜூலை 14 கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'இங்கே எல்லோரும் நலம்' என்று எழுதியிருக்கிறாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். திருகு ஓடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியுமா?

காகிதம் முழுவதும் இதோடு இருக்கிறது. முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஆர்லிஸ்


18 அக்டோபர் 1988

ஆர்லிஸ்,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நீ அனுப்பியது கிடைத்தது. வக்கீலிடம் காட்டினேன். காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டு உன் வயதைத்தான் கேட்டார். கேன்சஸில் பதினெட்டு ஆனால் முழு ஆள். நெப்ராஸ்காவில் பத்தொன்பது ஆக வேண்டுமாம். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன் பெயரை எழுதியிருக்கவே மாட்டேன். நான் செய்த தப்பு இப்போது நமக்கு நல்லதாக முடிந்திருக்கிறது. வயது வராத பெண்ணின் கையில் கொடுத்தது நிறுவனத்துக்குக் கொடுத்ததாகாது என்று வக்கீல் எழுதிப் போட்டார், நீதிபதி ஒத்துக்கொண்டார். அந்தக் காகிதம் செல்லாது.

அவர்கள் மறுபடி கொண்டுவருவார்கள். நவம்பர் 14 உனக்குப் பிறந்தநாள். அதற்குப் பிறகு உன்னிடம் கொடுத்தால் செல்லும். அதனால் இதோடு வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு மாநில அலுவலகத்துக்கு அனுப்பிவிடு. முகவர் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று இருக்கும். தேதிக்கு முன் போய்ச் சேர வேண்டும். பெல்விக்கில் அஞ்சல் பெட்டியை மூடிவிட்டேன். வண்டியோடு டெக்ஸாஸ் போகிறேன். நிறுவனத்துக்கு நிலையான கதவு என்று இருப்பது உன் கதவு ஒன்றுதான். அதையும் சாத்திவிட்டால் அவர்கள் தட்டித் தட்டி ஓய்ந்துவிடுவார்கள். எனக்கு எழுத வேண்டுமானால் அங்கே அமரில்லோ தபால் நிலையத்துக்கு என் பெயரில் போடு, நான் போய் வாங்கிக்கொள்கிறேன். வேறு யாருக்கும் சொல்லாதே.

நான் உனக்காக ஒரு கையெழுத்துப் போட்டேன். நீ எனக்காக ஒன்று போடு.

நீ கேட்டதற்குப் பதில்: கயிறு வண்டியில் இருந்தது. திருகை நிறுத்தினால் மறுபடி ஓடவிட ஒரு மணி நேரம் ஆகும், அன்றைக்கு மூன்று களஞ்சியம் முடிக்க வேண்டியிருந்தது. லைல் "கயிறு எங்கடா?" என்று கேட்டான். "ரெண்டு நிமிஷ வேலைக்குக் கயிறு எதுக்கு, ஏறு" என்றேன். இந்தப் பக்கத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

டுவேன்


ஆல்டன்
23 அக்டோபர் 1988

மரியாதைக்குரிய திருமதி ரோவீனா ஹோவர்ட் அவர்களுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். உங்கள் முகவரியை நீதிமன்றக் காகிதத்தில் பார்த்தேன்.

இது உங்கள் கணவருடைய கோட். மே மாதம் ஜிப் மாற்றக் கொடுத்துவிட்டுப் போனார். குளிருக்குள் வேண்டும் என்றார். தைத்ததற்கு ஒன்றும் தர வேண்டாம். இடது பையில் உங்கள் சேவலின் இறகு ஒன்று இருந்தது, அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14, திங்கட்கிழமை எனக்குப் பத்தொன்பது வயதாகிறது. அன்றைக்கு முழுவதும் வீட்டில் இருப்பேன்.

ஆர்லிஸ் ரீக்கர்


2 நவம்பர் 1988

ஆர்லிஸுக்கு,

கோட் வந்தது. பார்சலைப் பிரிக்காமல் நாலு நாள் வைத்திருந்தேன்.

அவர் இதைப் போட்டிருந்த ஒன்பது வருஷத்தில் இந்த ஜிப் ஒரு நாளும் முழுக்க ஏறியதில்லை. நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு குளிரில் நிற்பார், நான் கத்துவேன். இப்போது கோழிக்கூட்டுக்குப் போகும்போது நான் போட்டுக்கொள்கிறேன். அந்தச் சேவல் கோட்டைப் பார்த்து ஓடி வருகிறது. கொத்தாமல் நின்றுவிடுகிறது.

உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "பேசாத புள்ள, ஆனா கேக்குது பாரு, அந்த மாதிரி யாரும் கேக்க மாட்டாங்க" என்று.

உன் அண்ணன் எங்கே என்று நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை. ஒரு தேதியை எழுதியிருந்தாய். அதை என் வக்கீலிடம் காட்டினேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

ரோவீனா ஹோவர்ட்


ஆல்டன், நெப்ராஸ்கா
14 நவம்பர் 1988

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இங்கே எல்லோரும் நலம் என்ற வரியை இனி என் கடிதத்தில் எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். உன் முதுகுக்குச் சுடுநீர்ப் பையை விடாதே. டெக்ஸாஸிலும் காலையில் குளிரும்.

நீ அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. இருபத்தைந்து நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பேனாவை எடுத்து என் பெயரின் முதல் எழுத்து வரை எழுதினேன். நீ தலைமை ஆசிரியர் அறையில் நின்றது ஞாபகம் வந்ததால் எழுதினேன். அதே ஞாபகத்தால் நிறுத்திவிட்டேன். பேச முடியாத ஒருத்திக்காக நீ அன்றைக்கு அங்கே வந்தாய். இப்போது பேச முடியாமல் இருப்பவர் லைல்.

காலையில் எட்டு மணிக்கே எழுந்து கதவைத் திறந்து வைத்துவிட்டேன். குளிர் உள்ளே வந்தது. கொதிகலனால் ஈடுகொடுக்க முடியவில்லை. கோட் தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது. பத்தேகாலுக்கு அதே ஷெரிஃப் ஆள் வந்தார். திறந்த கதவைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார்.

"மறுபடியும் நான்தாம்மா. போன தடவ ஒனக்கு வயசு பத்தலைன்னு திருப்பிட்டாங்க. இந்தத் தடவ நான் கேக்கணும், நீ வாயத் தொறந்து சொல்லணும். தலையாட்டுனா எழுதிக்க முடியாது. ஒனக்கு என்ன வயசு?"

வகுப்பில் நின்ற மாதிரியே இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னையோட பத்தொம்பது," என்றேன்.

"ரீக்கர் சகோதரர்கள் கம்பெனியோட முகவர் நீதானா?"

"நான்தான். என்கிட்ட குடுங்க."

அவர் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். அமரில்லோவைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. என்னிடம் கொடுத்தால் உன்னிடம் கொடுத்த மாதிரி. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ.

கிழிக்கச் சொன்ன பக்கத்தை நான் கிழிக்கவில்லை. யாரிடமும் கொடுக்கவும் இல்லை. சான்றிதழுக்குப் பின்னால் அதே ஊசியில் குத்தி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் கொடுப்பேன். அதற்கு முன் நீயே வந்து சொல்லிவிட்டால் அதைக் கொடுக்க வேண்டிய தேவை இருக்காது. வந்தால் இந்த வீட்டில்தான் தங்க வேண்டும். உன் படுக்கைக்கு உறை மாற்றியிருக்கிறேன்.

அவர் கொடுத்த காகிதத்தின் பதினோரு பக்கங்களும் இதோடு இருக்கின்றன. பதில் சொல்ல இன்றிலிருந்து முப்பது நாள்.

உன் தங்கை,
ஆர்லிஸ் ரீக்கர்
பதிவு முகவர்